ஒருத்திக்கு மட்டும்

சிவரஞ்சனியை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டு, முத்துப்பிரியாவை மட்டும் ஊசி போடும் நாற்காலியை நோக்கித் தள்ளிவிட்டாள் கற்பகம்.

"போ, ஆத்தா. வெரசாப் போயி உக்காரு."

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிக்காக, போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். குரங்கணியிலிருந்து இரண்டு சிறுமிகளையும் முதல் ஜீப்பிலேயே கூட்டி வந்திருந்தாள் கற்பகம்.

நர்ஸ் அருணா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்க்கா ஒருத்திக்கு மட்டும்? ரெண்டு பேருக்கும் போடலாமே. ரெட்டப் பிள்ளைகளா?"

"இல்ல நர்சம்மா, ஒரே வகுப்பு. ஒண்ணு எம்பிள்ள. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரரோட மூத்த தாரத்துப் பிள்ள. எங்க ரெண்டு பேருக்குமே இது ரெண்டாங் கல்யாணம்." கற்பகம் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மகராசி இந்த நோயிலதான் போய்ச் சேந்தா. அதான், ஊசி போடாம விடவும் மனசு வரல."

"பெறகென்ன யோசனை?"

"இந்த ஊசி போட்டா பின்னால வயித்துல பிள்ள தங்காதுன்னு, ஏலக்கா பெறக்குற எடத்துல பேசிக்கிறாக."

"அங்க பேசுறவகள்லாம் எந்தக் காலேஜுல டாக்டருக்குப் படிச்சாக? அது வெறும் புரளிக்கா. பயப்படாதீங்க."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இருந்தாலும், மொதல்ல எனக்குப் போட்டுப் பாருங்களேன். மலையில காளான் பெறக்குனாக்கூட நாங்க தின்னு பாத்துட்டுத்தான் பிள்ளைகளுக்குக் குடுப்போம்."

அருணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்ன காளானா? இது சின்னப் பிள்ளைகளுக்கு உள்ள ஊசிக்கா."

கற்பகம் சிவரஞ்சனியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப முத்துப்பிரியாவுக்கு மட்டும் போடுங்க. இவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, அடுத்த முகாமுக்கு சிவரஞ்சனியக் கூட்டியாறேன்."

அருணாவின் சிரிப்பு நின்றது. சிவரஞ்சனியின் தோளை விடாமல் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஏன்க்கா, பச்சப் பிள்ளைய வச்சுச் சோதிச்சுப் பாக்குறீங்களா? இத சாமி பொறுக்குமா?"

"பொறுக்காது நர்சம்மா." கற்பகத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. முத்துப்பிரியாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து அவசரமாக அவள் நெற்றியில் பூசினாள். பிறகு சிவரஞ்சனியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அருணா மெதுவாக ஊசியைப் போட்டு, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"வலிச்சுச்சா?"

"இம்புட்டுதானா! இதுக்குப் போயி சிவரஞ்சனி ஜீப்புல வாந்தியே எடுத்துட்டாக்கா."

ஊசி போட்டதும் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அருணா தனக்காக வைத்திருந்த பன்னைப் பிட்டு, பெரிய துண்டை அவளிடம் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள் கற்பகம். அவளுடைய உதடுகள் ஓயாமல் எதையோ முணுமுணுத்தன.

செய்வதையும் செய்துவிட்டுக் கும்பிடு வேறா என்று அருணாவுக்கு மனம் கசந்தது. முத்துப்பிரியாவின் தலையைப் பரிவோடு தடவிக்கொடுத்தாள்.

"மனசுல வச்சுக்காத, ஆத்தா. ஒங்க சித்திக்கு வெவரம் பத்தல. பெத்தவ இருந்திருந்தா ஒன்னைய இப்படி மொத ஆளாத் தள்ளி விட்டிருப்பாளா?"

பன்னைக் கடிக்கப் போன முத்துப்பிரியா, புரியாமல் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தியா? என்னையப் பெத்ததே அவுகதான்க்கா."