பொத்திய உள்ளங்கை

ஆறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பாடகர்களிடம் மேடை நிகழ்ச்சியின் இயக்குநர் கேட்டது ஒன்றுதான். உங்கள் ஊரில் குழந்தையை எப்படி உறங்கவைப்பீர்கள்? ஐந்து பேர் பாடினார்கள். தவமலர் மட்டும் ஒலிவாங்கியின் முன்னால் வந்து, தன் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஆமி கிட்ட வரேக்க பங்கருக்குள்ள பிள்ளை அழக்கூடாது. இப்பிடித்தான் நித்திரையாக்கினனாங்கள்."

மகள் ஆரபி, இராணுவம், பதுங்குகுழி என்று ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"நல்லாயிருக்காம் அம்மா. மேடையில இன்னும் கனநேரம் பொத்திக்கொண்டு நிக்கட்டாம்."

"கனநேரம் பொத்தக்கூடாது எண்டு சொல்லு."

ஆரபி சொன்னாள். அவர் திருப்பிக் கேட்டார்.

"ஏனாம்?"

தவமலர் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"உனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தவன்."

இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆரபி மொழிபெயர்ப்பதற்காகக் காத்திருந்தார்.