கவனித்த நேரம்

ஆறு எஞ்சின். முப்பத்திரண்டு சக்கரம்.

உலகத்திலேயே பெரிய சரக்கு விமானம் ஓடுபாதையிலிருந்து திரும்பி, நிற்க வேண்டிய தளத்தை நோக்கி ஊர்ந்து வந்தது. மொத்த விமான நிலையமும் வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது.

அவன் இறக்கை வரும் இடத்தில் நின்றான்.

விமானத்தின் மூக்குக்கு நேர் எதிரே, இரண்டு கையிலும் ஆரஞ்சு மட்டைகளோடு ஜெசிந்தா. அவள் அசைத்தால் வரும். மட்டைகளைக் குறுக்கே வைத்தால் நிற்கும். நின்றதும் விமானி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளுக்கு ஒரு சல்யூட் வைப்பார்.

அந்த சல்யூட்டை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது.

ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். பதினாறு வருடம் ஆகிறது. இந்த விமானத்துக்கான பணிப் பட்டியலில் அவள் பெயர் மேலே. அவன் பெயர் கீழே, 'இடது இறக்கை' என்று. அது எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை; அதற்கு அவன் கையிலும் இரண்டு மட்டைகள்.

நேற்றெல்லாம் அவளுக்கு ஒரே வாழ்த்து. அவனும் போய்க் கைகொடுத்துப் பல்லைக் காட்டிவிட்டு வந்தான்.

காலை ஒன்பதரைக்கே தளத்தின் ஓரத்தில் நின்ற ஏணி வண்டியைப் பார்த்துவிட்டான். தளத்தின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெளியேதான் நின்றது. மற்ற விமானங்களுக்கு அது போதும். இதன் இறக்கை கோட்டையும் தாண்டி வரும்.

ஜெசிந்தா தளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, எல்லாம் சரிதானே என்று கட்டைவிரலைக் காட்டினாள்.

அவனும் காட்டினான்.

பெரிய ஆளாயிற்றே, அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது இறக்கையின் நிழல் அவன் தோளில் ஏறி இறங்கியது. ஏணியை நோக்கிப் போனது.

ஜெசிந்தா சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. பாவி, எவ்வளவு அழகாகக் கொண்டுவருகிறாள்.

நிழல் ஏணியின் முதல் படியைத் தொட்டது.

இரண்டாவது படி.

அவன் கைகள் மேலே போயின. மட்டைகள் குறுக்கே விழுந்தன.

அவளும் அதே நொடியில் குறுக்கே வைத்தாள். விமானம் குலுங்கி நின்றது.

இறக்கைக்கும் ஏணிக்கும் நடுவே ஒரு முழம்.

ஏணியை இழுத்துப்போட்ட பிறகு மீதி தூரத்தையும் கொண்டுவந்து நிறுத்தினாள். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. விமானி அவளுக்கு சல்யூட் வைத்தார். அவள் இரண்டு மட்டைகளாலும் இவனைக் காட்டினாள். விமானி இந்தப் பக்கம் திரும்பி, இவனுக்கும் ஒன்று வைத்தார்.

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜெசிந்தா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"எறக்கைக்கு நீதான் வேணும்னு நான்தான்டா அடம்புடிச்சு வாங்கினேன். வேற எவனா இருந்தாலும் இன்னிக்கு என் வேலை போயிருக்கும்."

அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். அவனைப் பாராட்டுக்குச் சிபாரிசு செய்யப் போகிறாராம்.

பெயர் எழுதினான். பணி எண் எழுதினான். இடம் எழுதினான்.

அடுத்த கட்டம்: ஆபத்தை முதலில் கவனித்த நேரம்.

பேனா அங்கேயே நின்றது.

மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று, ஜெசிந்தா தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.