கைமாறிய மாதுளை

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பிய தணிகாசலத்தைப் பார்க்க வந்தவர், ஒரு மாதுளையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு மிக்சர் டப்பா இருந்தது.

"வாம்மா புதுப்பெண்ணே," என்றது டப்பா. "இங்கே தினமும் காலியாவது நான்தான். உன்னை இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள்."

மாதுளை பதறிப்போய்த் தணிகாசலத்தின் நெஞ்சைப் பார்த்தது. "அக்கா, அதற்குள் என்னை உரிக்கச் சொல்லேன்!"

"தட்டித் தட்டிச் சொல்கிறேன், தங்கச்சி," என்று உள்ளிருந்து மூச்சிரைத்தது இதயம். "காலையில் கொஞ்சம் நடக்கவும் சொன்னேன். வாயுத்தொல்லை என்று நினைத்துச் சோடா குடிக்கிறார்."

டப்பா சொன்னபடியே ஆயிற்று. காய்ச்சலில் கிடந்த எதிர்வீட்டுச் சுந்தரவல்லிக்கு மாதுளை போனது. உரிக்கச் சோம்பல்பட்டு அவளும் அதைக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

காய்ச்சல் விட்டதும் அதே பழத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். கட்டிலில் மறுபடியும் தணிகாசலம் படுத்திருந்தார்.

"அக்கா, நான்தான் வந்திருக்கிறேன்!"

"சீக்கிரம், தங்கச்சி," என்றது இதயம். குரல் விட்டு விட்டு வந்தது.

தணிகாசலம் மாதுளையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் நீட்டினார்.

"நல்ல பழம், பத்திரமா வை. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வெறுங்கையோடவா போறது?"

"அக்கா!" என்று அலறியது மாதுளை.

இதயம் ஒருமுறை தட்டியது. அடுத்த தட்டுக்காக மாதுளை காத்திருந்தது.