மடிப்புக்கு ஒரு வாக்கியம்

விரிப்பின் இரண்டு முனைகளைப் பெரியவள் பிடித்தாள். எதிர்ப்பக்கத்து முனைகள் சின்னவள் கையில்.

“ஐ வாஷ் குளோத்ஸ்,” என்றாள் பெரியவள், கூரையைப் பார்த்து.

“ஷீ வாஷஸ் குளோத்ஸ்,” என்றாள் சின்னவள், ஜன்னலைப் பார்த்து.

எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். ஒரு மடிப்புக்கு ஒரு வாக்கியம்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருவரையும் ஒரே மேசையில் போட்டவர் சூப்பர்வைசர். ஓரகத்திகளாயிற்றே, ஒத்துப்போவார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஒரே வீட்டில் பெரியவள் கீழே, சின்னவள் மாடியில். இரவல் போன குக்கர் வெயிட் இல்லாமல் திரும்பி வந்தது. குக்கரில் ஆரம்பித்த சண்டை இருவரின் பிறந்த வீடுகள் வரைக்கும் போய்விட்டது.

“இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா, என் பேரை மாத்திக் கூப்பிடு!” என்று பெரியவள் சபதம் போட்டாள். சின்னவள் மட்டும் சளைத்தவளா? அவளும் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. வார்டு வேலைக்குப் போக வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வு. தினமும் செய்வதைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லத் தெரிய வேண்டும். பழக எதிரே ஓர் ஆள் வேண்டும். எதிரே இருந்ததோ ஒரே ஓர் ஆள்.

இங்கிலீஷில் பேசுவதெல்லாம் பேச்சில் சேர்த்தியா என்ன? அது பாடம். இருவர் மனசாட்சியும் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டது.

“டூ யூ ஸ்லீப் வெல்?” என்று ஒரு நாள் பெரியவள் கேட்டாள்.

“நோ. மை ஹஸ்பண்ட் வொர்க்ஸ் அட் நைட். ஐ ஸ்லீப் அலோன்.”

அன்றிலிருந்து மாடிப்படி விளக்கு விடிய விடிய எரிந்தது. மின்சாரக் கட்டணத்துக்காகக் கணவனோடு மல்லுக்கு நிற்பவள்தான் பெரியவள்.

“மை நீ பெயின்ஸ்,” என்று முழங்காலைத் தடவியபடி பெரியவள் சொன்ன மறுநாள் முதல், மொட்டைமாடியில் காய்ந்த அவள் வீட்டுத் துணிகள் தாமாகவே கீழே இறங்கி வந்தன.

இந்தப் பாடம் நின்றுவிடுமோ என்று சின்னவளுக்குப் பயம். அதனால் மெதுவாக மடித்தாள்.

“டூ யூ லைக் டீ?” என்று அவள் ஆரம்பிக்கும்போது சூப்பர்வைசர் உள்ளே வந்தார்.

“என்னம்மா இது? தேர்வு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, ரெண்டு பேரும் பாஸாகியும் ஆச்சு. இன்னும் என்ன படிப்பு? திங்கக்கிழமைலேருந்து ஆளுக்கொரு வார்டு.”

சின்னவள் கையிலிருந்த முனை நழுவித் தரையில் விழுந்தது. கள்ளத்தனம் பிடிபட்டவளாக அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் போகும்வரை பெரியவள் அசையவில்லை. பிறகு வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த முனையை எடுத்துச் சின்னவள் கையில் வைத்தாள்.

இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை. நேராகச் சின்னவள் முகத்தைப் பார்த்தாள்.

“சரி, சொல்லுடி. எனக்கு என்ன பேரு வைக்கப்போறே?”