அசரியாவின் தொடை எலும்பு

பட்டணத்து உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த அசரியா, பரீட்சைக்கு முந்தின விடுமுறையில் மனிதத் தொடை எலும்பு ஒன்றோடு சித்தூருக்கு வந்து இறங்கினான். அப்பா வேதநாயகம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எந்தத் தசை எங்க ஒட்டிக்கினு இருக்குதுன்னு இதை வெச்சிதான் கேப்பாங்க, நைனா. தோத்துட்டா டிரில் மாஸ்டர் வேலை கிடையாது."

"ஓடறதுக்கும் குதிக்கறதுக்கும் பொணத்து எலும்பாடா? தூ. சோத்துத் தட்டுகிட்ட வெக்காதே."

அசரியா பதினைந்து நாள் அதைத் தடவித் தடவி மனப்பாடம் செய்தான். தின்னும்போதும் அது மடியில் கிடந்தது.

அவனை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது அம்மா கிருபாபாய் மெல்ல ஆரம்பித்தாள்.

"கோச்சிக்காதீங்க. யாரு பெத்த புள்ளையோ, குழிகூட இல்லாம கெடக்குதேன்னு மனசு கேக்கல. மூணாம் நாளே கல்லறைத் தோட்டத்துல பொதைச்சிட்டேன். பாதிரியாரு அழுதுக்கினே ஜெபம் பண்ணாரு. அவன் பெட்டியில கசாப்புக்காரன் குடுத்த மாட்டெலும்பை வெச்சிட்டேன்."

வேதநாயகம் நின்றுவிட்டார்.

"மூணாம் நாளா? நான் ரெண்டாம் நாளே மனுச எலும்பைப் பொதைச்சிட்டு மாட்டெலும்பை வெச்சிட்டேனே. பாதிரியாரு ஜெபம் பண்ணது அந்த மாட்டுக்குத்தான்."

இருவரும் பையனின் பரீட்சையை நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு கடிதம் வந்தது. வேதநாயகம் உரக்கப் படித்தார்.

"முதல் வகுப்பு. பரீட்சை வைத்த துரை என் எலும்பைக் கையில் வாங்கிப் பார்த்து, இவன் உயிரோடிருந்தபோது பெரிய ஓட்டக்காரனாக இருந்திருப்பான் என்று மெச்சினார்."

கிருபாபாய் முகத்தைச் சுளித்தாள்.

"நொண்டி மாடுன்னுதான் அதை வெட்டினாங்க."