சார்ஜுக்கு வந்த பேட்டரி

மதகடிப்பட்டு அரிசி மில்லின் வாசலில் மாட்டு வண்டி நிற்கிறது. கோகிலாம்பாள் இறங்கி, தன் வீட்டுக் காரின் பேட்டரியை டிரைவர் ஏகநாதன் சார்ஜ் ஏற்ற உள்ளே தூக்கிப்போவதையே பார்க்கிறாள். பாகூரில் மகளுக்கு விடியலில் பிரசவ வலி கண்டிருக்கிறது. வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள். கோகிலாம்பாளின் கணவர் மகள் பேரையே எடுப்பதில்லை. பேட்டரி செத்துவிட்டது, கார் கிளம்பாது என்று ஏகநாதன் தரையைப் பார்த்துச் சொன்னதால்தான் இவளும் கூடவே வந்திருக்கிறாள்.

மில்லைப் பார்த்துக்கொள்ளும் சுப்பராயலு பேட்டரியின் மூடிகளைத் திருகி எடுத்தபடி, எட்டிப் பார்க்கும் வண்டிக்காரனிடம் சொல்கிறார். "பீடிய வெளிய போட்டுட்டு வாப்பா. இதுல கேஸ் கெளம்பும், பொறி பட்டா வெடிச்சிரும்." சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் அதனதன் முனையில் இறுக்கிய பிறகே டைனமோவின் சுவிட்சைப் போடுகிறார். கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் தவிட்டுத் தூசி மிதக்கிறது. மீட்டரின் முள் லேசாகத் துள்ளி, உடனே கீழே சரிகிறது. பேட்டரியின் எல்லா அறைகளிலும் ஒரே சமயத்தில் குமிழி பொங்குகிறது. சுப்பராயலு சுவிட்சை அணைக்கிறார்.

"இது முழுசா ஏறித்தான் இருக்கும்மா. இதுல இன்னா கோளாறு?"

கோகிலாம்பாள் திரும்புகிறாள். ஏகநாதன் சுத்தமான கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.

"ஐயா சொன்னாரா?"

"கார்ல பேட்டரி ஒயரக் கழட்டி வைக்கச் சொன்னாரும்மா."

அவள் வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்கிறாள்.

"பேட்டரி இங்கியே கெடக்கட்டும்," என்கிறாள். பிறகு வண்டிக்காரனிடம், "வூட்டுக்கு வேணாம்பா. பாகூருக்கு ஓட்டு."