குட்டை வாய்

தாராவிப் பரிசோதனைக்கூடத்தில், போன வாரத்து மலப் பரிசோதனை ஸ்லைடை மறுபடி பார்த்தாள் ஃபர்ஸானா. புழுக்குஞ்சின் வாய் நீண்டிருந்தால் கொக்கிப்புழு. இதற்கோ வாய் குட்டை. தோற்றத்தில் இரண்டும் அக்காள் தங்கைதாம். ஆனால் குட்டை வாய்ப் புழு இருக்கும் உடம்புக்குள் ஸ்டீராய்டு போனால், அது பல்கிப் பெருகி ஆளையே முடித்துவிடும். மூச்சிரைப்புக்காக ஸ்டீராய்டு தொடங்கவிருந்த தங்கசாமியின் ரிப்போர்ட்டில், கொக்கிப்புழு என்று எழுதிக் கையெழுத்திட்டவள் அவள்தான்.

உடனே போன் செய்தாள். தங்கசாமியின் மனைவி சண்முகவடிவு எடுத்தாள்.

"ஆன்ட்டி, அங்கிள் மாத்திரை ஸ்டார்ட் பண்ணிட்டாரா?"

"நாலு நாளாச்சே. ஏன் பிள்ள?"

"நிறுத்தச் சொல்லுங்க! ரிப்போர்ட் தப்பு. வயித்துல இருக்கது வேற புழு. உயிருக்கே டேஞ்சர்."

சண்முகவடிவு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏசாத தாயி. அவியளுக்கு மூணு நாளா வெளிக்கே போகல. வெறும் டப்பாவக் குடுத்தா டாக்டர் சத்தம் போடுவாரேன்னு என்னோடதக் குடுத்துட்டேன். ஒரே பானைச் சோறுதான திங்கோம், எல்லாம் ஒண்ணுதானன்னு நெனச்சேன்."

ஃபர்ஸானாவுக்குப் போன மூச்சு திரும்பியது. "அப்பாடா! அப்போ அங்கிளுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத் தனியா மருந்து தரச் சொல்லுதேன்."

"சீக்கிரம் சொல்லு பிள்ள. எனக்கும் மூச்சு இழுப்புதான, அவிய மாத்திரை அட்டையிலருந்து நானும் தெனம் ஒண்ணு போடுதேன். நேத்துலருந்து வயிறு பெரட்டுது."